பில் போடும் பத்து விநாடி

“அக்கா, காட் இருக்கா? இல்லாட்டி போன் நம்பரைச் சொல்லுங்கோ, இப்பவே பதிஞ்சு தாறன்.”

சுப்பர் மார்க்கெட்டில் காசு நீட்டுவதற்குச் சற்று முன்னால் இந்தக் கேள்வி வருகிறது. உயிலங்குளத்துப் பெண் ஒருவர் மாதச் சாமான் வாங்க பஸ் ஏறி, தள்ளாடி என்ற இடத்தைத் தாண்டி, கடலை ஊடறுத்துப் போகும் பாலத்து வீதியால் மன்னார் நகரத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பால்மா, சீனி, பருப்பு, சவர்க்காரம் எல்லாம் மேசையில் ஏறிவிட்டன. பின்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. கேட்கிற பிள்ளைக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிறாள். பெண் இலக்கத்தைச் சொல்லிவிடுகிறார். விசை தட்டப்படுகிறது, பில் வெளியே வருகிறது. எல்லாம் பத்து விநாடி.

அந்தப் பத்து விநாடிக்குள் ஒளியியல் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, மனித மனத்தின் மிக மென்மையான ஓர் இடமும் இருக்கிறது. கடைசியில் சொன்னதன்மேல்தான் முழுப் பாரமும் விழுகிறது. அதைத் தாங்குகிறவள் சம்பளப் பட்டியலின் அடியில் நிற்கும் காசாளர்.

முதலில் அந்த ‘பீப்’ ஒலி. கருவியின் சிவப்பு ஒளி பால்மா பையின் கோடுகள்மேல் ஓடுகிறது. கறுப்புக் கோடு ஒளியை விழுங்குகிறது, வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கருவி பதின்மூன்று இலக்கங்களாக வாசிக்கிறது. இலங்கையில் பதிவுபெற்ற பண்டமானால் அந்த எண் 479இல் தொடங்கும். இந்தியாவில் பதிவுபெற்றது 890இல். கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். இடமிருந்து ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் என ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்ட வேண்டும். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும். இரண்டு தொகையையும் சேர்த்து, அதைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு தேவையோ அதுவே பதின்மூன்றாவது இலக்கம். பதின்மூன்று இலக்கம் உள்ள எந்தப் பையை எடுத்தும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம், சரியாக வரும். பை கசங்கி ஓர் இலக்கம் தவறாக வாசிக்கப்பட்டால் கணக்கு இடறும், கருவி பேசாமல் இருக்கும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிரோய் என்ற சிற்றூரில், ஒரு சூயிங்கம் பொதி இப்படி முதன்முதலாகக் கடையொன்றில் வாசிக்கப்பட்டது.

இவ்வளவு கூர்மையான கருவிக்குத் தெரியாத ஒன்று உண்டு. எந்தப் பண்டம் போனது என்று அதற்குத் தெரியும். யாரோடு போனது என்று தெரியாது.

ஊர்க் கடை முதலாளிக்கு அது தெரியும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளையும் ஊர்களில் பெரும்போக நெல் வெட்டிக் காசு கைக்கு வரும் மாதம் எது, யாருடைய மகன் வெளிநாட்டில், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சீனி வருத்தம், யார் சொன்ன தவணையில் காசு தருவார் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்ளும் கடன் கொப்பிக்குள்ளும் இருக்கும். சுப்பர் மார்க்கெட் பெரிதாகியபோது இந்த அறிவை இழந்தது. நூற்றுக்கணக்கான கிளைகளில் இலட்சக்கணக்கானோர் வந்துபோகும் நிறுவனத்துக்கு முகம் நினைவிருக்காது. அந்த நினைவைத் திரும்பப் பெறுவதற்கான வழிதான் கடை அட்டை. இப்போது பல இடங்களில் அட்டைகூட வேண்டியதில்லை, தொலைபேசி இலக்கம் போதும். இன்றைய பில்லையும் போன மாதத்துப் பில்லையும் அடுத்த வருடத்துப் பில்லையும் ஒரே ஆளோடு சேர்த்துக் கட்டும் கயிறு அது.

கட்டியபின் என்ன செய்வார்கள்? கணிதத்தின் அழகான ஒரு துண்டு இங்கே வருகிறது. ஒரு கடையில் ஐயாயிரம் வகைப் பண்டங்கள் இருக்கின்றன என்போம். எந்த இரண்டு பண்டங்கள் சேர்ந்து விற்கின்றன என்று அறிய எத்தனை சோடிகளைப் பரிசோதிக்க வேண்டும்? 1 கோடியே 24 இலட்சத்து 97 ஆயிரத்து 500. மூன்று மூன்றாகப் பார்ப்பதென்றால் 2,082 கோடிக்கு மேல். ஒவ்வொன்றுக்காகவும் எல்லாப் பில்களையும் புரட்டுவதென்றால் அன்றைய கணினி களைத்துவிடும்.

1994இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வகத்திலிருந்து ராகேஷ் அகர்வால், ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதன் நடுவே இருக்கும் எண்ணத்தை ஒரு சிறுபிள்ளைக்கும் விளக்கலாம். கருவாடும் சொக்லேட்டும் சேர்ந்து வாங்குவோர் அரிது என்றால், கருவாடு, சொக்லேட், புளி மூன்றையும் சேர்த்து வாங்குவோர் அதைவிடக் கூடுதலாக இருக்கவே முடியாது. ஆகவே அந்த மூன்றைத் தேட வேண்டியதே இல்லை. ஓர் அரிய சோடியைத் தள்ளினால் அதை உள்ளடக்கிய ஆயிரமாயிரம் கூட்டங்களும் ஒரே வீச்சில் விழுந்துவிடுகின்றன. எஞ்சுவது கையாளக்கூடிய சிறு தொகை. தேடலின் பெரும் பகுதி தேடாமலே முடிந்துவிடும் இந்த வழியை முதலில் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். உலகெங்கும் கணினி மாணவர்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

பிரித்தானியாவின் டெஸ்கோ நிறுவனம் 1995 பெப்ரவரியில் தன் கிளப்கார்ட் அட்டையை நாடு முழுவதும் கொண்டுவந்தது. அதற்கு முந்திய வெள்ளோட்டத்தில் கிடைத்த தரவை ஆராய்ந்தவர்கள் கிளைவ் ஹம்பி, எட்வினா டன் என்ற தம்பதியர். தான் பல்லாண்டு கடை நடத்தி அறிந்ததைவிட அதிகமாக அவர்கள் சில மாதங்களிலேயே கண்டுகொண்டார்கள் என்று டெஸ்கோவின் அன்றைய தலைவர் வியந்ததாகச் சொல்வார்கள். வியப்பில் ஒரு பயமும் கலந்திருந்தது.

அந்தப் பயத்துக்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் இவ்-அலெக்சாந்தர் தெ மோன்த்ஜோயும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 இலட்சம் பேருடைய மூன்று மாதக் கடனட்டைக் கொள்வனவுகளை எடுத்தார்கள். அவற்றில் பெயர், கணக்கு இலக்கம் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றில் நாளும் கடையும் இருந்தன. இப்படி நாலே நாலு கொள்வனவுகள் தெரிந்தால் போதும், பத்தில் ஒன்பது பேரை மொத்தக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து எடுத்துவிடலாம் என்று கண்டார்கள். நாம் நடந்துபோகும் வழி, கைரேகை அளவுக்கு நமக்கே உரியது.

இது மற்ற ஊரவருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். உயிலங்குளத்துக்கு இதன் கனம் வேறு. 2002 போர்நிறுத்தக் காலத்தில் ஓமந்தை, முகமாலை போல உயிலங்குளமும் இரண்டு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு இடையிலான கடவையாக இருந்தது. அடையாள அட்டையைக் காட்டி, பெயர் பதிந்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், பையில் என்ன என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி அதைக் கடந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே கேட்டதும் கடையில் கேட்பதும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். கடையில் துப்பாக்கி இல்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னால் எவரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. ஆனாலும் கேட்டவுடன் இலக்கத்தைச் சொல்லிவிடும் பழக்கம் ஓர் உடம்பில் எப்படி ஊறியது என்று யோசிக்கும்போது இந்த வரலாற்றை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

துப்பாக்கி இல்லாத இடத்திலும் மனிதர்கள் ஏன் ‘ஓம்’ என்கிறார்கள்? கோர்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் சுனிதா சாவும் அவருடைய சகாக்களும் செய்த பரிசோதனைகள் இதற்கு வெளிச்சம் தருகின்றன. இரண்டு சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று பரிசில் தெளிவாக மேலானது. மட்டமானதை எடுக்கும்படி ஓர் ஆலோசகர் சொல்கிறார். ‘நீங்கள் இதை எடுத்தால் எனக்கு இலாபம்’ என்று அவரே வெளிப்படையாகவும் சொல்லிவிடுகிறார். இதைக் கேட்டவர்கள் உஷாராகி விலகியிருக்க வேண்டும் அல்லவா? ஆலோசகர்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை குறையத்தான் செய்தது. ஆனால் அவர் சொன்னதையே எடுத்தவர்களின் தொகை கூடியது. மறுத்தால் ‘உன்னை நான் நம்பவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொன்னது போலாகிவிடும் என்ற தயக்கம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஆலோசகர் பார்க்காத இடத்தில் தனியாகத் தேர்ந்தெடுக்க விட்டபோது, அல்லது பிறகு மனம் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தபோது, அந்தப் பிடி தளர்ந்தது.

இதைப் பில் போடும் இடத்தில் பொருத்திப் பாருங்கள். “அக்கா, இண்டைக்கு எனக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும், ஒருக்காப் பதியட்டா?” என்று அந்தப் பிள்ளை கேட்டால், மறுப்பது இன்னும் கடினமாகிறது. அட்டை யாருக்குத் தேவை என்று அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அதனாலேயே மறுக்க முடியவில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளை, யாரோ ஒருவருடைய மருமகள், தேவாலயத்திலோ கோயிலிலோ கண்ட முகம். தனிமை இல்லை, யோசிக்க நேரம் இல்லை, பின்னால் வரிசை. அந்தப் பரிசோதனையில் மனிதரை விடுவித்த இரண்டும் இங்கே கிடையாது.

பதிந்தவுடன் ‘உங்களுக்கு இவ்வளவு புள்ளி சேர்ந்துவிட்டது’ என்று சொல்வதற்கும் ஓர் ஆய்வு துணை இருக்கிறது. ஜோசப் நூனஸ், சாவியே தெரேஸ் இருவரும் 2006இல் வெளியிட்டது. ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 பேருக்கு அட்டைகள் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வெற்றுக் கட்டங்கள். மீதிப் பேருக்குப் பத்துக் கட்டங்கள், அவற்றில் இரண்டில் ஏற்கெனவே முத்திரை. இரு சாராரும் கழுவ வேண்டியது எட்டே தடவை. முதல் கூட்டத்தில் 19 வீதமானோரும், இரண்டாம் கூட்டத்தில் 34 வீதமானோரும் அட்டையை முடித்தார்கள். தொடங்கிவிட்ட காரியத்தைப் பாதியில் விட மனம் ஒப்புவதில்லை.

இப்போது மேசைக்கு மறுபக்கம் வருவோம். வாடிக்கையாளரின் தயக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதே தயக்கத்தை நாள் முழுக்க, ஆளுக்கு ஆள், தன் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டிய காசாளரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அலெக்சாந்திரே மாஸ், என்ரிகோ மொரெட்டி என்ற பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு முழுக்க முழுக்க சுப்பர் மார்க்கெட் காசாளர்களைப் பற்றியது. அமெரிக்கச் சங்கிலிக் கடை ஒன்றின் ஆறு கிளைகளில் இரண்டு ஆண்டுகளாகக் கருவி பதிந்த ஒவ்வொரு ‘பீப்’ ஒலியும் எந்த விநாடியில் எழுந்தது என்று எடுத்துப் பார்த்தார்கள். வேகமான ஒருவர் வேலைக்கு வந்து சேரும்போது மற்றவர்களின் வேகமும் கூடியது. யாருடைய வேகம் கூடியது என்பதில்தான் ஆச்சரியம். வேகமானவரைத் தாங்கள் பார்க்கும்படி நின்றிருந்தவர்கள் மாறவில்லை. அவருடைய பார்வை எவருடைய முதுகில் விழுந்ததோ அவர்களே வேகமானார்கள். கண்டு கற்கும் ஆசையைவிட, காணப்படுகிறோம் என்ற உணர்வே அவர்களை உந்தியிருக்கிறது.

இதைப் படித்தபின், ஊழியர் அறைச் சுவரில் பெயர்களை எழுதி, இன்று யார் எத்தனை பேரைப் பதிந்தார் என்று எண் போட்டுவைக்கும் பலகையை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. முதுகில் விழும் பார்வையைச் சுவரில் அறைந்து வைத்திருக்கிறார்கள். முகாமையாளர் வீட்டுக்குப் போனபின்னும் அது பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த எண் எதைக் கலைக்கிறது என்பதற்குப் பொருளியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. பெங்த் ஹோல்ம்ஸ்த்ரோம், போல் மில்குரோம் என்ற இருவர் 1991இல் எழுதியது. பின்னாளில் இருவரும் வெவ்வேறு ஆண்டுகளில் நோபல் பரிசு பெற்றார்கள். ஒருவருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்றை எளிதாக அளக்கலாம், மற்றதை அளக்க முடியாது. அளக்கக்கூடியதற்கு மட்டும் ஊக்கம் கொடுத்தால் உழைப்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அளக்க முடியாதது காய்ந்து போகும். அதுவும் முக்கியமென்றால் சில இடங்களில் ஊக்கத்தொகையே கொடுக்காமல் நிலையான சம்பளம் கொடுப்பது மேல் என்பது அவர்களுடைய கணக்கு.

பதிந்த அட்டைகளை எண்ணலாம். கண் மங்கிய அம்மாவுக்கு மீதிக் காசை இரண்டு தடவை எண்ணிக் கொடுப்பதை எண்ண முடியாது. பால்மா பையில் திகதி முடிந்திருப்பதைக் கண்டு ‘இது வேண்டாம், வேற எடுங்கோ’ என்று சொல்வதை எண்ண முடியாது. காசு போதாமல் ஒரு பண்டத்தைத் திருப்பி வைக்கிறவரின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதை எந்தப் பலகையிலும் எழுத முடியாது. அந்தப் பிள்ளையின் திறமையில் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது. இவற்றைச் செய்து அவள் சேர்த்த நல்லெண்ணத்தைத்தான் அட்டைக் கேள்வி செலவழிக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வந்தால் இருநூறு தடவை கேட்க வேண்டும், பெரும்பாலானோர் மறுப்பதையும் சிரித்தபடி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்லி ஹோக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியபோது, சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைப்பதும் அடக்குவதும் மூட்டை சுமப்பதைப் போலவே உழைப்புத்தான் என்று காட்டினார். நின்றபடி செய்வதால் கால் வலிப்பது வேறு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல்தான் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் அதற்கு முன்பே 2018இல் செய்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட தொழில் இது.

இலக்கு எட்டவில்லை என்றால்? மோரிஸ் ஷ்வைட்சரும் இரண்டு சகாக்களும் 2004இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கொடுத்த எழுத்துகளைக் கொண்டு சொற்கள் அமைக்க வேண்டும், எத்தனை அமைத்தோம் என்று தாமே திருத்திக் கணக்குச் சொல்ல வேண்டும். ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, எண்ணாக ஓர் இலக்குக் கொடுக்கப்பட்டு அதை எட்டாதவர்கள் கூட்டிச் சொல்வது அதிகமாக இருந்தது. காசு எதுவும் கிடைக்காத இலக்குக்கும் இதே கதை. ஒன்றோ இரண்டோ குறைந்து நின்றவர்களிடம் அந்தச் சபலம் மிக அதிகம். இவர்கள் கெட்டவர்கள் இல்லை, பல்கலைக்கழக மாணவர்கள். இலக்கு என்ற ஒன்று நடுவில் வந்து நின்றது, அவ்வளவே.

கடைகளில் இதன் வடிவம் எளிமையானது. அட்டை இல்லாதவரின் பில்லில் காசாளர் தன் சொந்த இலக்கத்தையோ தெரிந்தவரின் இலக்கத்தையோ அடித்துவிடுகிறார். உலகம் முழுக்க நடப்பதுதான், இதற்காக வேலை இழந்தவர்களும் உண்டு. கணினியின் பக்கமிருந்து பார்த்தால் எப்படியிருக்கும்? ஒரே ‘வாடிக்கையாளர்’ ஒரே நாளில் நாற்பது தடவை வருகிறார், கைக்குழந்தைப் பால்மாவும் முதியோர் பால்மாவும் வாங்குகிறார், மீன் உண்பவராகவும் உண்ணாதவராகவும் இருக்கிறார். அகர்வாலும் ஸ்ரீகாந்தும் கண்ட அந்த அழகிய வழிக்குள் இப்படிப்பட்ட பேய்கள் நுழைகின்றன. தரவைக் கூட்டுவதற்கென்று வைத்த இலக்கு தரவையே கெடுக்கிறது. ஓர் அளவுகோலைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கி நெருக்கினால் அதன் ஒழுங்கு குலைந்துவிடும் என்று இங்கிலாந்து வங்கியில் இருந்த சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் நாணயக் கொள்கையைப் பற்றிச் சொன்னது பில் மேசைக்கும் பொருந்துகிறது.

பெரிய அளவில் இது நடந்தபோது உலகமே பார்த்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று கிளை ஊழியர்களை நெருக்கியது. கேட்டும் கெஞ்சியும் முடியாதபோது ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளையும் கடனட்டைகளையும் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தபோது அப்படித் திறந்திருக்கக்கூடியவை சுமார் 20 இலட்சம் என்று மதிப்பிட்டார்கள். தண்டம் 18.5 கோடி டொலர். சுமார் 5,300 பேர் ஏற்கெனவே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள், பெரும்பாலும் கீழ்நிலை ஊழியர்கள். 2020இல் அரசோடு மேலும் 300 கோடி டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. எட்டு என்ற எண்ணை எழுதியவர்களும் அதைச் சுமந்தவர்களும் வெவ்வேறு மாடிகளில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் பல சங்கிலிக் கடைகள் தம் பெயரில் கொடுக்கும் அட்டை கடனட்டை. அங்கே காசாளர் பத்து விநாடியில் விற்கச் சொல்லப்படுவது புள்ளியை அல்ல, கடனை. அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, கடைகளின் கடனட்டைகளில் பத்தில் ஒன்பதின் உச்ச வட்டி ஆண்டுக்கு 30 வீதத்துக்கு மேல். சாதாரணக் கடனட்டைகளில் அந்த எல்லையைத் தாண்டியவை பத்தில் நாலுக்கும் குறைவு. ‘இப்போது பதிந்தால் இந்தப் பில்லில் கழிவு’ என்று சொல்கிற காசாளருக்கு அந்த வட்டியை விளக்க நேரமில்லை. வாங்க வந்தவருக்கு அதைக் கேட்கவும் நேரமில்லை.

நம் கரையில் பில் மேசையில் கேட்பது புள்ளிக்கான இலக்கத்தை. ஆனால் இலக்கைச் சுமந்த ஓர் ஆள் முகத்துக்கு நேரே நின்று கையெழுத்து வாங்கினால் என்ன நடக்கும் என்பதை வடக்கும் கிழக்கும் வேறு வழியில் கற்றுவிட்டன. போருக்குப் பின் வந்த நுண்கடன் நிறுவனங்களின் வெளிக்கள ஊழியர்கள் மோட்டார் சைக்கிளில் படலைக்கு வந்தார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்தார்கள், கிழமைக்குக் கிழமை வசூலித்தார்கள். 2018 செப்டம்பரில் வந்து பார்த்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போனதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஒரு புள்ளி அட்டையை இந்தத் துயரத்தோடு சமப்படுத்துவது நியாயமில்லை. இரண்டிலும் ஓடும் பொறி ஒன்று என்பதை மட்டும் சொல்லாமல் விட முடியாது: அறிந்த முகத்தின் தயவு, குறுகிய நேரம், எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட எண்.

வாடிக்கையாளரின் இலக்கம் எப்போதும் இப்படித்தான் பயன்பட வேண்டும் என்றில்லை. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கும் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். வாங்கியதன் அளவுக்கு ஏற்ப இலாபத்தில் பங்கு என்பது அவர்களுடைய ஏற்பாடு. அதற்காக ஒவ்வோர் அங்கத்தவரின் கொள்வனவும் கணக்கில் வைக்கப்பட்டது. பிரித்தானியக் கூட்டுறவுக் குடும்பங்களில் தாய் கடைக்கு அனுப்பும்போது சொல்லிக்கொடுத்த அங்கத்துவ இலக்கத்தை முதுமையிலும் மறக்காதவர்கள் இருந்தார்கள். இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பங்கீட்டோடு கூட்டுறவுக் கடைகள் ஊரூராகப் பரவின. 1957க்குப் பின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நம் ஆட்களுக்குச் சங்கக்கடை என்றால் தெரியும். அதன் ஊழல்களும் வெறுமையான இராக்கைகளும் தெரியும், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ரொச்டேலில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் இலக்கத்துக்குச் சொந்தக்காரர் அங்கத்தவரே. அவர் தானே முன்வந்து அதைச் சொன்னார், ஏனென்றால் இலாபம் பிரிக்கும்போது அது அவர் கைக்குக் காசாகத் திரும்பி வந்தது. காசாளர் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் என்றால் என்ன என்று வரையறுக்கிறது: சுயவிருப்போடு, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விளங்கிக்கொண்டு, ஐயத்துக்கு இடமின்றித் தரப்படுவது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, தள்ளிப்போயின. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே, தொலைபேசி இலக்கம் தராவிட்டால் பொருள் தரமாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாதென அறிவுறுத்தியது. மன்னாரின் பில் மேசைக்கு இந்த வரையறை வரும் நாளில், விளங்கிக்கொண்டு என்ற சொல்லுக்குத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளாவது தேவைப்படும். வரிசைக்கு வெளியே அதைப் படிக்க ஒரு மேசையும் தேவைப்படும்.

கேள்வியை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்து வாசலருகே ஒரு பலகையில் வைக்கலாம். விரும்புகிறவர் வீட்டிலிருந்து தன் போனில் பதியட்டும். அப்போது பதிவோரின் தொகை விழும். விழுகிற அந்த அளவு, இதுவரை காசாளரின் முகத்துக்காக ‘ஓம்’ சொன்னவர்களின் அளவு. பதிந்தவர்களை எண்ணுவதற்குப் பதிலாக, ஆறு மாதம் கழிந்த பின்னும் தன் இலக்கத்தைச் சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணலாம். அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். அந்தக் கணக்கு ஒவ்வொரு கடையின் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது.